பென்சில் சீவப் போகும் பையன்

"மேடம், இவன் இரண்டு நிமிஷம்கூட ஓரிடத்தில் உட்காரமாட்டேன் என்கிறான். நீங்களே பாருங்கள்." மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவனைப் பற்றி அவனுடைய ஆசிரியை சொன்னது. தொடக்கப் பள்ளி உளவியலாளராக நான் அடிக்கடி கேட்கும் புகார் இதுதான். (பையனை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

உடனே அவனை என் அறைக்குக் கூப்பிடவில்லை. வகுப்பின் கடைசி பெஞ்சில் போய் ஒரு நோட்டோடு உட்கார்ந்தேன். யாரைப் பார்க்க வந்திருக்கிறேன் என்று பிள்ளைகளுக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. கணக்குப் பாடம் முடியும்வரை பையன் இடத்தைவிட்டு அசையவில்லை. அடுத்து வாசிப்பு. வரிசையாக எழுந்து ஆளுக்கொரு பத்தி வாசிக்க வேண்டும். அவன் முறைக்கு முன்னால் நான்கு பேர் இருக்கும்போது பென்சில் சீவப் போனான். இரண்டு பேர் இருக்கும்போது பென்சில் கீழே விழுந்து உருண்டது. அடுத்தது இவன்தான் என்றபோது பக்கத்துப் பையனைக் கிள்ளினான். ஆசிரியை அதட்டி வெளியே நிற்க வைத்தார். முறை தாண்டிப் போய்விட்டது. கதவோரம் நின்றவன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி!

தண்டனை என்று நாம் நினைத்தது அவனுக்குத் தப்பிக்கும் வழி. முன்னால் என்ன நடந்தது, பிள்ளை என்ன செய்தது, அதனால் அதற்கு என்ன கிடைத்தது: இந்த மூன்றையும் குறித்துக்கொண்டே இருப்பதுதான் என் வேலையில் பெரும்பகுதி.

எங்கள் துறை தொடங்கியதும் இப்படி ஒரு பையனால்தான். 1896இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் லைட்னர் விட்மர் என்ற உளவியலாளரிடம் ஓர் ஆசிரியை தன் 14 வயது மாணவனைக் கூட்டிவந்தார். எழுத்துக்கூட்டி எழுத அவனுக்கு வரவே இல்லை. சோதித்துப் பார்த்தால் கண்பார்வையில் குறை. கண்ணாடி போட்ட பிறகும் தனிப் பயிற்சி தேவைப்பட்டது என்பது வேறு விஷயம். கண்ணையும் காதையும் பரிசோதிக்காமல் நான் எதையும் தொடங்குவதில்லை. நடுக்காதில் நீர் கோத்திருக்கும் பிள்ளையும் 'சொன்ன பேச்சு கேட்காத' பிள்ளையாகத்தான் தெரியும்.

நம் பையனுக்குக் கண்ணும் காதும் சரியாகவே இருந்தன. அப்புறம் சில விளையாட்டுச் சோதனைகள். "மரம் என்ற சொல்லில் 'ம'வை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன?" என்று கேட்டேன். ரொம்ப யோசித்துவிட்டு "இலை" என்றான். சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுதிக்கொண்டேன். எட்டு வயதுப் பிள்ளை சொல்லை ஒலிகளாகப் பிரிக்கத் திணறினால், வாசிப்புக் குறைபாடு இருக்குமோ என்று மேலும் துருவ வேண்டும். அந்த ஒரு பதிலை வைத்து முடிவு கட்டவும் கூடாது.

பெற்றோர் கேட்பது வேறு: "ஐக்யூ எவ்வளவு?" அதாவது, நுண்ணறிவை அளக்கும் எண். 100 சராசரி. அவனுக்கு அதையொட்டித்தான் வந்தது. பாரிஸில் 1905இல் பினே, சிமோன் என்ற இரு ஆய்வாளர்கள் முதல் நுண்ணறிவு அளவுகோலை உருவாக்கியது, எந்தப் பிள்ளைக்குக் கூடுதல் உதவி வேண்டும் என்று கண்டுபிடிக்கத்தான். நாமோ அதை மார்க் ஷீட் ஆக்கிவிட்டோம்.

இன்னொரு கேள்வி, பாதிக் குரலில் வரும்: "மாத்திரை கொடுப்பீர்களா?" நான் மருத்துவர் இல்லை. உளவியலில் முதுகலை படித்து, மூத்தவர் ஒருவரின் மேற்பார்வையில் பள்ளிகளிலேயே பயிற்சி எடுத்தவள். மருந்து எழுதுவதில்லை. தேவைப்பட்டால் மருத்துவரிடம் அனுப்புவேன்.

பிள்ளையை என்னிடம் கூட்டி வரும்போது 'இவனுக்கு என்ன கோளாறு' என்ற கேள்வியைவிட, 'எப்போது, எங்கே' என்ற குறிப்பு எனக்கு அதிகம் உதவும். பள்ளி நாள் காலையில் மட்டும் வயிற்றுவலி, விடுமுறையில் இல்லை என்றால் அதையும் எழுதி வாருங்கள். நடிப்பு என்று அதட்டாதீர்கள். பயத்தில் வரும் வலியும் வலிதான்.

பையன் விஷயத்தில் செய்தது சின்ன மாற்றம். அவன் வாசிக்க வேண்டிய பத்தியை முந்தின நாளே கொடுத்துவிடுவது, வரிசையாகக் கூப்பிடுவதை நிறுத்துவது, கூடவே ஒலிப் பயிற்சி. இப்போதும் தட்டுத் தடுமாறித்தான் வாசிக்கிறான். பென்சில் மட்டும் முன்பு போலச் சீக்கிரம் தீர்வதில்லை.