பெட்ரோல் கேனுக்குள் ஃபாரடேயின் வாளி

"பிளாஸ்டிக் கேன் என்றால் சரி. இரும்புக் கேனையும் எதற்கு வண்டியிலிருந்து தரையில் இறக்கி வைத்து நிரப்பச் சொல்கிறார்கள்? உலோகம்தான் மின்சாரத்தைக் கடத்துமே, அதில் மின்னூட்டம் எப்படித் தங்கும்?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். பாதி விடை அவர் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. உலோகம் கடத்தும். அதனால்தான் வம்பு.

பெட்ரோலைப் பற்றித் தெரிந்த சங்கதிகளை வேகமாக ஓட்டிவிடுகிறேன். எரிவது திரவம் அல்ல, ஆவி. சுழியத்துக்குக் கீழே 40 டிகிரி குளிரில்கூட, தீப்பொறி பட்டால் பற்றும் அளவுக்கு அது ஆவி விடும். அந்த ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம் என்பதால் தரையோடு தவழும். காற்றில் சுமார் 1.4 முதல் 7.6 சதவீதம் வரை கலந்திருந்தால்தான் தீப்பிடிக்கும். மூடிய கேனுக்குள் ஆவி அதைவிட அடர்த்தி, ஆக்சிஜன் போதாது. நிரப்பும்போது உள்ளே போகும் பெட்ரோல் ஆவியை வெளியே தள்ளுகிறது. அது காற்றோடு சரியான அளவில் கலக்கும் இடம் கேனின் வாய். அதைப் பற்றவைக்க ஏறக்குறைய கால் மில்லிஜூல் போதும். குழாயிலிருந்து சொட்டும் ஒரு துளித் தண்ணீர் அரை மீட்டர் கீழே விழுந்தால் கிடைக்கிற ஆற்றல் அவ்வளவுதான்!

சரி, பொறி எங்கிருந்து வருகிறது? பெட்ரோல் மின்சாரத்தை மிக மோசமாகக் கடத்தும் திரவம். அதில் எப்போதும் கொஞ்சம் அயனி மாசு, அதாவது மின்னூட்டம் கொண்ட துகள்கள், இருக்கும். குழாய்க்குள் ஓடும்போது ஒரு வகை அயனிகள் குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொள்ள, எதிர் வகை அயனிகளைத் திரவம் அடித்துக்கொண்டு போகிறது. வேகம் கூடக்கூட மின்னூட்டமும் கூடும். ஆக, கேனுக்குள் விழுவது வெறும் பெட்ரோல் அல்ல, மின்னூட்டம் ஏறிய பெட்ரோல்.

இனி வருவதுதான் எனக்குப் பிடித்த இடம். 1843-இல் ஆங்கிலேய விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே பனிக்கட்டி வைக்கும் ஓர் உலோக வாளியைத் தரையோடு மின்தொடர்பு இல்லாமல் வைத்தார். மின்னூட்டம் ஏற்றிய ஒரு பித்தளைக் குண்டைப் பட்டு நூலில் கட்டி வாளிக்குள் இறக்கினார். குண்டு எந்தப் பக்கமும் படவில்லை. ஆனாலும் வாளியின் வெளிப்புறத்தில் அதே வகை மின்னூட்டம், அதே அளவு தோன்றியது. உள்ளே இருக்கும் மின்னூட்டம் எதிர் வகையை உட்சுவருக்கு இழுக்கிறது. அதற்கு ஈடானது வெளிச்சுவருக்குத் தள்ளப்படுகிறது.

குண்டு இருந்த இடத்தில் பெட்ரோலை வையுங்கள். தன் மின்னூட்டத்தை இரும்புக்கு விட்டுக்கொடுக்காமல் பெட்ரோல் கஞ்சத்தனம் செய்தாலும் பயனில்லை. அது உள்ளே விழுந்த கணமே அதன் கணக்கு கேனின் வெளிப்புறத்தில் வந்து நிற்கும். கேன் வெறும் தரையில் இருந்தால் அந்த மின்னூட்டம் நிலத்துக்கு வழிந்துவிடும். இங்கே பேசுவது மிகமிகச் சிறிய மின்னோட்டம் என்பதால் கான்கிரீட் தரையே போதும். காரின் டிக்கி விரிப்பிலோ பிளாஸ்டிக் தட்டிலோ இருந்தால் போக வழியில்லை, சேர்ந்துகொண்டே போகும்.

பிளாஸ்டிக்கில் மின்னூட்டம் விழுந்த இடத்திலேயே ஒட்டிக் கிடக்கும். ஒரு பொறியில் கொஞ்சம்தான் வெளியேறும் (அதுவும் போதும் என்பதால் அதையும் தரையில்தான் வைக்க வேண்டும்). உலோகத்தில் அப்படி இல்லை. நிலத்தோடு மின்தொடர்புள்ள நாசில் (பெட்ரோல் குழாயின் உலோக முனை) அருகே வந்தால், பள்ளிக்கூட மணி அடித்ததும் வாசலுக்கு ஓடும் பிள்ளைகளைப்போல மொத்த மின்னூட்டமும் அந்த ஒரே புள்ளிக்குப் பாயும். கேனின் மின்தேக்குதிறன் 50 பிக்கோஃபாரட், மின்னழுத்தம் 5,000 வோல்ட் என்று வைத்துக்கொண்டால் பொறியின் ஆற்றல் 0.6 மில்லிஜூல். தேவையைவிட இரண்டு மடங்குக்கு மேல். பொறி பாயும் இடமோ கேனின் வாய்!

அதனால்தான் கேனைத் தரையில் வைத்து, நாசிலின் உலோகம் கேனின் வாயைக் கடைசிவரை தொட்டபடி, மெதுவாக நிரப்பச் சொல்கிறார்கள். நடுவில் பிளாஸ்டிக் புனல் வைத்தால் அந்தத் தொடர்பு அறுந்துபோகும்.

எனக்கு ஓர் ஆதங்கம் உண்டு. பெட்ரோல் பங்கில் கைப்பேசியை அணைக்கச் சொன்னால் பயபக்தியோடு அணைக்கிறோம். அதே ஆள் டிக்கியில் வைத்தபடியே கேனை நிரப்புவார். புரியாத கருவி மேல் பயம். புரிந்துகொள்ளக்கூடிய ஆபத்து மேல் அலட்சியம். இரண்டு பொருள்கள் உரசும்போது மின்னூட்டம் எப்படி இடம் மாறுகிறது என்பதே இன்னும் முழுதாக விளங்காத விஷயம். இந்த மாதிரிப் பகட்டில்லாத ஆய்வுக்கு இன்னும் கொஞ்சம் பணம் ஒதுக்கினால் என்ன?

கேன் வாங்குகிறவர்களுக்கு: 1930-களில் ஜெர்மானிய ராணுவத்துக்காக உருவான 20 லிட்டர் கேன்தான் இன்றைக்கும் முன்மாதிரி. ஜெர்மானியர்களை 'ஜெர்ரி' என்பது பிரிட்டிஷ் படையினரின் கொச்சை வழக்கு. ஜெர்ரி கேன் என்ற பெயர் அப்படி வந்தது. பக்கவாட்டில் அழுத்தியிருக்கும் பெருக்கல் குறி அழகுக்கு அல்ல. தகட்டுக்கு விறைப்பு தரும், உள்ளே அழுத்தம் ஏறினால் புடைத்துக்கொடுக்கவும் உதவும். காற்றுக்குத் தனி வழி உள்ளதா என்றும் பாருங்கள். இல்லாவிட்டால் காற்றும் பெட்ரோலும் ஒரே வாயில் முட்டிமோதி, குடுக் குடுக்கென்று துள்ளித்துள்ளிக் கொட்டும். விளிம்புவரை நிரப்ப வேண்டாம். வெப்பம் 20 டிகிரி ஏறினால் 20 லிட்டர் பெட்ரோல் கிட்டத்தட்ட 0.4 லிட்டர் பெருகும்.

அப்புறம், காலிக் கேன். சில மில்லிலிட்டர் பெட்ரோல் அடியில் தங்கியிருந்தாலே உள்ளே இருக்கும் காற்று முழுவதும் தீப்பிடிக்கும் கலவையாகிவிடும். அந்த வகையில் நிறைந்த கேனைவிட இது பொல்லாதது. ஓட்டை விழுந்த பழைய கேனை வெல்டிங் பட்டறையில் பற்றவைக்கக் கொடுத்தால், அந்தச் சொல்லின் இரண்டு பொருளிலும் பற்றிக்கொள்ளும்.