சோதனை இசையா, தேடல் இசையா?

என்ன ஒலி வரும் என்று முன்கூட்டித் தெரியாமலே இறங்கிப் பார்க்கிற 'எக்ஸ்பெரிமென்டல் மியூசிக்' என்பதைச் 'சோதனை இசை' என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. அழைப்பிதழிலும் அப்படித்தான், விமர்சனக் கட்டுரையிலும் அப்படித்தான். அந்தச் சொல் தப்பு. பொருத்தம் கொஞ்சம் குறைவு என்று சொல்லி விட்டுவிடக்கூடிய தப்பும் இல்லை. கேட்க வந்தவரைத் தவறான இடத்தில் உட்காரவைக்கிற தப்பு.

சென்னையில் ஒரு மாடி அறையில் உள்ளூர் இளைஞர் ஒருவரின் நிகழ்ச்சிக்குப் போயிருந்தேன். தரையில் ஜமுக்காளம், முப்பது பேருக்கு மேல் வந்தால் நிற்கத்தான் வேண்டும். மின்விசிறியை நிறுத்திவிட்டார்கள். மேசைமேல் ஒரு மிக்ஸர் மட்டும், பல ஒலிகளைக் கலந்து கூட்டிக் குறைக்கும் குமிழ்ப் பெட்டி. மைக் இல்லை, வாத்தியம் இல்லை. மிக்ஸரிலிருந்து வெளியே போகவேண்டிய ஒலியை ஒரு குட்டி வயர் வழியாக அதன் உள்வழியிலேயே திருப்பிச் செருகியிருந்தார். குமிழை ஒரு மயிரிழை திருப்பினால் ரீங்காரம் சீட்டியாக ஏறும். இன்னும் ஒரு இழை, சீட்டி உடைந்து படபடவென்று அடிக்கும். குமிழைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்தாலும் பழைய ஒலி திரும்பவில்லை, வேறொன்று வந்தது. அதை அவர் ஒரு கணம் நின்று கேட்டுவிட்டு, அதிலிருந்து மேலே போனார். அப்போது பக்கத்திலிருந்த பெரியவர் என்னிடம் குனிந்து, "மைக் டெஸ்ட் எப்ப முடியும் தம்பி, கச்சேரி எப்ப ஆரம்பிப்பாங்க?" என்று கேட்டார். அவர்மேல் துளியும் தப்பில்லை. அவர் கையிலிருந்த அழைப்பிதழ் 'சோதனை இசை' என்றுதான் சொல்லியிருந்தது.

வேர்ச்சொல் கதை சின்னது. லத்தீனில் 'முயன்று பார்' என்ற பொருளுள்ள வினையிலிருந்து வந்தது எக்ஸ்பெரிமென்ட். எக்ஸ்பீரியன்ஸும் எக்ஸ்பர்ட்டும் அதே வேர்தான். பிரெஞ்சில் இன்றைக்கும் அனுபவத்துக்கும் ஆய்வுக்கூடச் சோதனைக்கும் ஒரே சொல். நம் 'சோதனை' வடமொழிச் 'சோதன'த்திலிருந்து வந்தது. தூய்மைப்படுத்தல், துருவிப் பார்த்தல் என்று பொருள்.

வடமொழி என்பதற்காக நான் அதை விலக்கவில்லை. தமிழில் அது எங்கெல்லாம் புழங்குகிறது என்று பாருங்கள். இரத்தச் சோதனை, சோதனைச் சாவடி, வருமான வரிச் சோதனை. 'எங்களைச் சோதனைக்குட்படப் பண்ணாமல்' என்கிறது விவிலியத் தமிழ். கஷ்டம் வந்தால் 'சாமி சோதிக்கிறார்' என்கிறோம். இத்தனையிலும் பொதுவாக இருப்பது ஒன்று: அளவுகோல் முன்பே இருக்கிறது. சர்க்கரை இவ்வளவு இருக்கலாம், சரக்குக்கு ரசீது இருக்கவேண்டும், பக்தன் தளரக்கூடாது. தேறினாயா, தேறவில்லையா என்பதுதான் கேள்வி. அந்த மாடி அறையில் தேறுவதற்கு என்ன இருந்தது?

ஆய்வுக்கூடத்தோடு இந்த இசைக்கு உறவே இல்லையா என்று கேட்டால், உண்டு. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் லெஜாரன் ஹில்லரும் லெனர்ட் ஐசக்சனும் இல்லியாக் கணினியைக்கொண்டு நால்வர் நரம்பிசை ஒன்றை 1950களின் நடுவில் செய்தார்கள். அதன் நான்கு பகுதிகளுக்கும் 'எக்ஸ்பெரிமென்ட்' என்றே பெயர் வைத்தார்கள். கணினியால் இசை விதிகளைப் பின்பற்ற முடிகிறதா என்று பார்ப்பதுதான் நோக்கம். அதைச் சோதனை என்று தாராளமாகச் சொல்லலாம்.

ஆனால் இன்று அந்தப் பெயரைச் சுமக்கும் இசை பெரும்பாலும் அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜ் திருப்பிவிட்ட வழியில் வந்தது. அவரே முதலில் அந்தப் பெயரை ஏற்கவில்லை. இசையமைப்பாளர் செய்துபார்ப்பதெல்லாம் படைப்பு முடிவதற்கு முன்பே நடந்துவிடுகிறது, மேடைக்கு வருவது முடிந்த பொருள் என்பது அவர் வாதம். பிறகு மனம் மாறிப் பெயரை ஏற்றார். 1955இல் அவர் தந்த விளக்கம் இது: முடிவு இன்னதென்று முன்கூட்டித் தெரியாத செயல். வெற்றி தோல்வி என்று பின்னால் தீர்ப்புச் சொல்வதற்கான செயல் அல்ல என்றும் சேர்த்தே சொன்னார். அதாவது, 'சோதனை' என்ற சொல் எதை உள்ளே கொண்டுவருகிறதோ, அதைத்தான் அவர் வெளியே நிறுத்தினார்!

தமிழில் வெள்ளோட்டம் என்று அருமையான சொல் ஒன்று இருக்கிறது. புதுத்தேர் செய்தால் திருவிழாவுக்கு முன் சாமி இல்லாமல் ஒருமுறை இழுத்துப் பார்ப்பார்கள். அச்சு தாங்குகிறதா, வீதி முனையில் திரும்புகிறதா என்று தெரிந்தபின்தான் தேரோட்டம். 'சோதனை இசை' என்றதும் நம் காதில் விழுவது வெள்ளோட்டம். உண்மையான கச்சேரி இனிமேல்தான் என்று காத்திருக்கிறோம். இந்த இசையிலோ அந்த மாடி அறையில் நடந்ததுதான் தேரோட்டம், சாமியும் அதிலேயே இருந்தது.

'பரீட்சார்த்த இசை' என்பாரும் உண்டு. நாடகத்திலும் சிறுபத்திரிகைகளிலும் நன்றாகப் புழங்கிய சொல், இலங்கையில் இன்னும் உயிரோடு இருக்கிறது. அதன் பொருள் 'பரீட்சைக்காக' என்பது. சோதனையில் சொன்ன குறை அத்தனையும் இதிலும் உண்டு, கூடவே உச்சரிப்புச் சிரமம். இன்னும் சிலர், கச்சேரியில் வித்துவான் அந்த நேரத்துக் கற்பனையில் விரிப்பதைச் சொல்லும் சொல்லை எடுத்து, 'மனோதர்ம இசை' என்கிறார்கள். இது வேறு விதத் தப்பு. தோடி ராகத்தை விரிக்கிற வித்துவானுக்கு அடுத்த சங்கதி தெரியாமல் இருக்கலாம். தோடி தெரியும், எங்கே போகக்கூடாது என்பது தெரியும். மிக்ஸர்காரருக்கு அந்த வேலியும் இல்லை.

நான் சொல்வது தேடல் இசை. சாவியைத் தேடும்போது தேடும் பொருள் தெரியும்தானே என்று மறுக்கலாம். சரி. ஆனால் 'அவருடைய தேடல்' என்று ஒருவரைப் பற்றிச் சொல்லும்போது சாவியை யாரும் நினைப்பதில்லை. கிடைக்கப்போவது என்னவென்று தெரியாமல் போவதைத்தான் நினைக்கிறோம். முயல்வையும் இசையையும் 'முயல்விசை' என்று ஒட்டிப் பார்த்தால் இசை மறைந்து விசை வந்து நிற்கிறது. தேடல் இசைக்கு அகராதி தேவையில்லை, கேட்பவரையும் தேடச் சொல்கிறது.

நல்ல பெயர் கிடைத்தால், தீர்ப்புச் சொல்லாமல் கேட்கிற நல்ல கூட்டமும் கிடைக்கும். ஜப்பானிய இசைக்கலைஞர் தோஷிமாரு நகமுரா 1990களின் பிற்பகுதியிலிருந்து மிக்ஸரைத் தனக்குள்ளேயே திருப்பிச் செருகும் இந்த வயர் வித்தையை ஒரு வாத்தியமாகவே வளர்த்தெடுத்தவர். அவரும் நண்பர்களும் வாசித்த இடங்களில் ஒன்று தோக்கியோவின் யோயோகியில் 2000 முதல் 2005 வரை நடந்த 'ஆஃப் சைட்' என்ற அரங்கு. அதுவும் சின்ன அறைதான். அக்கம்பக்கத்து வீடுகளுக்காக ஒலியைக் குறைத்துக் குறைத்து, அந்தச் சன்னமே ஒரு பாணியாயிற்று. அங்கே வந்தவர்கள் எதற்கும் மதிப்பெண் போட உட்காரவில்லை.

அப்புறம் இன்னொன்று. அதே அழைப்பிதழில் 'நேரலை நிகழ்ச்சி' என்றும் போட்டிருந்தார்கள். நேரலை என்பது அலைவழி ஒளிபரப்புக்குச் செய்த சொல். தொலைக்காட்சியில் கிரிக்கெட் நேரலையாக வரும். ஒரே அறையில் இரண்டு முழ தூரத்தில் உட்கார்ந்து கேட்பதற்கு அலை எதற்கு? 'நேரில்' போதும். 'லைவ்' என்று கண்ணில் பட்டவுடன் நேரலை, 'எக்ஸ்பெரிமென்ட்' என்று பட்டவுடன் சோதனை என்று கை தானாக ஓடுகிறது. மொழிபெயர்ப்பவர் ஒரே ஒருமுறை அந்த ஜமுக்காளத்தில் வந்து உட்கார்ந்திருந்தால் இரண்டு சொல்லையும் எழுதியிருக்கமாட்டார். அடுத்த அழைப்பிதழில் 'தேடல் இசை, நேரில்' என்று அச்சடியுங்கள். கீழே ஒரு வரி, 'முன்னொத்திகை இல்லை, தொடங்கியதே கச்சேரி' என்று சேருங்கள்.