துறைத்தலைவர் மாறினால் என்ன மாறும்?

என்ஜினியரிங் கவுன்சலிங் சமயம் வந்துவிட்டால் என் போன் ஓயாது. பாபநாசத்திலிருந்து ஒருவர், மன்னார்குடியிலிருந்து ஒருவர் என்று கூப்பிடுகிற எல்லோருக்கும் ஒரே கேள்விதான்: "சார், அந்த காலேஜ் எப்படி?" 22 வருடமாக சிவில் துறையில் பாடம் நடத்துகிறவனாகச் சொல்கிறேன், காலேஜை விடுங்கள், துறையைக் கேளுங்கள். அந்தத் துறைக்கு இப்போது தலைவர் யார், வந்து எவ்வளவு நாளாகிறது என்றும் கேளுங்கள். லேபுக்கு என்ன வாங்குவது, எந்தப் பாடம் யாருக்கு, பையன்களை எங்கே கூட்டிப்போவது எல்லாம் பெரும்பாலும் அந்த ஒருவர் மேசையில்தான் முடிவாகிறது.

எங்கள் துறைக்குப் போன வருடம் புதுத் தலைவர் வந்தார். சால்வை, கேசரி, காபி எல்லாம் முடிந்தது. வராண்டாவில் தொங்கும் தொலைநோக்குப் பலகையை மாற்றச் சொல்வார் என்று நினைத்தோம், ஏனென்றால் வருகிற எல்லோரும் முதலில் கை வைப்பது அதில்தான் (காலேஜ் பெயரை ஒரு துண்டால் மறைத்துவிட்டால் அது எந்த ஊர்ப் பலகை என்று எங்களுக்கே தெரியாது). மேடம் நேராக கான்கிரீட் லேபுக்குப் போய் க்யூப் டெஸ்ட் ரெஜிஸ்டரைக் கேட்டார்.

கான்கிரீட்டை 150 மில்லிமீட்டர் கனசதுரமாக வார்த்து, தண்ணீரில் ஊறப்போட்டு, 7-ஆம் நாளும் 28-ஆம் நாளும் உடைத்துப் பார்ப்பது சிவில் படிப்பவருக்கு அரிச்சுவடி. நாலு பக்கம் புரட்டினார். "28 நாள்னா நாலு வாரம்தானே சார்? புதன்கிழமை வார்த்ததை புதன்கிழமைதானே உடைக்கணும், இங்க வெள்ளின்னு இருக்கே?" யாரும் வாய் திறக்கவில்லை. அடுத்த பக்கத்தில் உடைத்ததாகப் போட்டிருந்த தேதி தீபாவளி. எம்20 கலவையெல்லாம் (28 நாளில் சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் தாங்க வேண்டிய கான்கிரீட்) சொல்லி வைத்தாற்போல 26.6-ஐ ஒட்டியே வந்திருந்தது, அதாவது 20-க்குக் கீழே போகாமலிருக்க பாடப்புத்தகக் கணக்கு எதைக் கேட்கிறதோ அதுவே. உடைக்காமலே எழுதியிருக்கிறோம். அந்தப் பக்கங்களில் என் கையெழுத்தும் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 2018 ஆகஸ்டில் முக்கொம்பில் கொள்ளிடம் மேலணையின் 9 மதகுகள் வெள்ளத்தில் போயின. 1836-ல் ஆர்தர் காட்டன் காலத்தில் கட்டியது. பஸ் ஏறினால் போய்விடலாம், ஆனால் எங்கள் துறையிலிருந்து ஒரு வகுப்புகூடப் போகவில்லை. அந்த செமஸ்டரில் நான் போட்டுக் காட்டியது 1940-ல் அமெரிக்காவில் டகோமா பாலம் ஆடி விழுந்த வீடியோ.

மேடம் வந்தபின் சர்வே கேம்ப் மலையிலிருந்து இறங்கியது. வருடாவருடம் ஏற்காடு போய்க் குளிர் காய்ந்த கேம்ப், இந்த முறை கல்லணைக் கால்வாயின் கடைமடைப் பக்கம். பையன்களுக்கு முகம் சுருங்கிவிட்டது, ஆசிரியர்களுக்கும்தான். ஆனால் மட்டம் எடுப்பதைக் கற்றுக்கொள்ள டெல்டாவைவிடக் கறாரான இடம் கிடையாது. மலையில் பத்து சென்டிமீட்டர் தப்பினால் யாருக்கும் தெரியாது, இங்கே நிலம் ஏறக்குறைய தட்டையாக இருப்பதால் அந்தப் பத்து சென்டிமீட்டரில் தண்ணீர் வயலுக்கு ஏறாமல் நின்றுவிடும். முதல் நாள் ஒரு குழு சுற்றிவிட்டு புறப்பட்ட பெஞ்ச் மார்க்குக்கே (உயரம் தெரிந்த அடையாளப் புள்ளி) திரும்பி வந்து பார்த்தால் 11 சென்டிமீட்டர் இடிக்கிறது. மறுநாள் வெயிலில் முழுக்க மறுபடி எடுத்தார்கள்.

"ஆரம்ப சூரத்தனம், ஆறு மாசத்துல அடங்கிடும்" என்று ஸ்டாஃப் ரூமில் ஒரு பேச்சு இருக்கிறது. இருக்கலாம். சிவிலுக்கு ஆள் குறைந்து, கம்ப்யூட்டர் பக்கம் செக்‌ஷன் பெருகும் காலம் இது, இருக்கிற நாலு பேரில் ஒருவரை கேம்ப்புக்கு அனுப்பினாலே டைம்டேபிள் உடைகிறது. அந்தப் புலம்பலில் நியாயம் இருக்கிறது.

சரி, பெற்றோர் என்ன பார்க்க வேண்டும்? என்.பி.ஏ. (படிப்புகளின் தரத்தைப் பார்க்கும் தேசிய வாரியம்) அங்கீகாரம் படிப்புவாரியாகத் தருவது, காலேஜ் மொத்தத்துக்கும் கிடையாது, வாசலில் பெரிதாக எழுதியிருந்தாலும் உங்கள் பிள்ளை சேரும் படிப்புக்கு இருக்கிறதா, எந்த வருடம் வரை என்று கேளுங்கள். 20 மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்பது தொழில்நுட்பக் கல்விக்கான அகில இந்திய கவுன்சிலான ஏ.ஐ.சி.டி.இ.யின் கணக்கு, அதைத் துறைக்குள் எண்ணிப் பாருங்கள். அப்புறம் தயங்காமல் லேபைத் திறந்து காட்டச் சொல்லுங்கள், ரெஜிஸ்டரில் நான் சொன்ன கிழமைக் கணக்கைப் போட்டுப் பாருங்கள், காட்ட மாட்டேன் என்றால் அதுவும் ஒரு பதில்தான்.

இந்த செமஸ்டரின் முதல் க்யூபை போன வாரம் உடைத்தோம். 28-ஆம் நாளில் எம்20-க்கு வந்தது 17. லேப் உதவியாளர் பழக்க தோஷத்தில் பேனாவோடு என்னைப் பார்த்தார். பின்னால் நின்றிருந்த மேடம், "17-ன்னே எழுதுங்க, ஏன் 17-ன்னு பசங்க கண்டுபிடிக்கட்டும்" என்றார். ரெண்டு நாளில் கண்டுபிடித்துவிட்டார்கள்: மழையில் நனைந்த எம்-சாண்டை அப்படியே அள்ளிப் போட்டு, அதிலிருந்த ஈரத்தைக் கழிக்காமல் முழு அளவுக்குத் தண்ணீர் ஊற்றியிருக்கிறோம். இப்போது மணல் குவியல் மேல் தார்ப்பாய் கிடக்கிறது.