"வாசகர்தான் கேட்டார்கள்" என்று சொல்லாதீர்கள்

மதுரை தமுக்கத்தில் புத்தகத் திருவிழா நெருங்கினாலே இந்த இரண்டாம் பாகக் காய்ச்சல் வந்துவிடுகிறது. எழுதுகிறவர், முதல் பாகம் 4 பதிப்பு கண்ட பெரிய பெயர். திருவிழாவுக்கு 40 நாள் இருக்கையில் இரண்டாம் பாகத்தின் கையெழுத்துப் பிரதி எடிட்டர் மேசையில் வந்து விழும். புத்தகம் வந்த பத்தாம் நாள் வாசகர்கள் திட்டுவார்கள். உடனே எழுத்தாளர் ஐயாவிடமிருந்து பதில் வரும்: "நீங்கள் கேட்டீர்கள், எழுதினேன்." கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

கேட்டார்கள்தான். என்ன கேட்டார்கள்? கையெழுத்து வாங்க வரிசையில் நின்றவர், "அந்தப் பய அப்புறம் என்ன ஆனான் சார்?" என்றார். அது 400 பக்கத்துக்கான ஆர்டர் இல்லை. புத்தகத்தை மூடிவைக்க மனசு வரவில்லை என்பதை அப்படிச் சொல்கிறார். ஜிகர்தண்டா குடித்து முடித்தவர் "இன்னும் கொஞ்சம் இருந்தா நல்லாருக்கும்ணே" என்றால், டம்ளரில் தண்ணீரை ஊற்றிக் கொடுத்துவிட்டு, "நீங்கதானே கேட்டீங்க" என்பீர்களா? கேட்பது வாசகர் வேலை. எழுதலாமா, அதில் கதை இருக்கிறதா என்று பார்ப்பது எழுதுகிறவர் வேலை. அந்தப் பொறுப்பில் பாதியை வாசகர் தலையில் கட்ட முடியாது.

பதில் சொல்ல வேறு வழியும் உண்டு. மூன்றரை ஆண்டு தொடராக வந்த பொன்னியின் செல்வன் 1954இல் முடிந்தபோது, சட்டென்று முடித்துவிட்டார் என்று வாசகர்கள் குறைப்பட்டார்கள். கல்கி முடிவுரை எழுதினார். பாத்திரங்கள் பிறகு என்ன ஆனார்கள் என்ற கேள்விகளுக்கு அங்கேயே பதில் சொன்னார். சில பக்கங்களில் முடிந்தது விஷயம்.

பிரதியில் என்ன கெடுகிறது? முக்கால்வாசி எழுத்தாளர்கள் தங்கள் முதல் பாகத்தையே திரும்பப் படிப்பதில்லை. சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்கிய அன்று பிறந்தவளுக்கு இரண்டாம் பாகத்தில் ஐப்பசியில் பிறந்தநாள். அத்தை சித்தியாகிவிடுவார். 1985இல் நடக்கும் கதையில் வெளியூர் பஸ்ஸை மாட்டுத்தாவணியில் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள்; அந்த நிலையமே தொண்ணூறுகளின் கடைசியில்தான் வந்தது. மதுரைக்காரன் இதை மன்னிக்க மாட்டான்.

இவையாவது திருத்தக்கூடியவை. இன்னொன்று உயிரையே எடுக்கும். வாசகர் கைதட்டிய துணைப் பாத்திரத்தைத் தூக்கி நடுவில் உட்கார வைப்பது. முதல் பாகத்தில் நாலே இடத்தில் வாய் திறந்ததால்தான் அந்த டீக்கடைக்காரர் மனசில் நின்றார். அத்தியாயத்துக்கு அத்தியாயம் அவரே பேசினால் சலிக்காதா?

ஆகவே, எழுத உட்காருமுன் பென்சிலோடு முதல் பாகத்தை முழுதாகப் படியுங்கள். ஒரு நோட்டில் பாத்திரத்துக்கு ஒரு பக்கம்: வயது, பிறந்த மாதம், யாரை என்ன முறை சொல்லிக் கூப்பிடுகிறார், உடம்பில் என்ன தழும்பு, எந்த ரகசியம் அவருக்குத் தெரியும், எது தெரியாது. இந்தக் கடைசிக் குறிப்பு இல்லாததால்தான் பாதிக் கதை ஓட்டையாகிறது. முதல் பாகத்தைப் படிக்காத ஒருவர், படித்துக் குறை சொல்லக்கூடிய ஒருவர், இருவரிடமும் பிரதியைக் கொடுங்கள். ரசிகர் வாட்ஸ்அப் குழுவில் கொடுக்காதீர்கள். அங்கே இதயம்தான் வரும்.

பதிப்பாளர்களே, கணக்கு போடுங்கள். ஒரு ஃபாரம், அதாவது ஒரே தாளில் அச்சடித்து மடிப்பது, 16 பக்கம். 400 பக்கம் என்றால் 25 ஃபாரம். அச்சுக்கும் பைண்டிங்குக்கும் 2 வாரம் விட்டால் 40 நாளில் மிஞ்சுவது 26. அதில் லேஅவுட், இரண்டு புரூஃப், அட்டை. எடிட்டிங்குக்கு ஒரு வாரம் கிடைத்தால் பெரிசு. ஒரு வாரத்தில் ஒற்றுப்பிழை பார்க்கலாம், கதை பார்க்க முடியாது. 4 மாதம் கொடுங்கள். பிரதி கைக்கு வராமல் முன்பதிவுப் பணம் வாங்காதீர்கள். எடுத்த எடுப்பில் 1,000 பிரதி வேண்டாம், 300 போடுங்கள். தகவல் பிழைகளை அடுத்த அச்சில் திருத்தலாம்.

புத்தகம் சரியில்லை என்றாகிவிட்டால், ஐயா, "சரியாக வரவில்லை" என்று ஒரு வரி போதும். குறை சொன்னவர் மீது ரசிகர்களை ஏவிவிடாதீர்கள். பணம் கொடுத்து வாங்கியவர் அவர்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். கடையில் நின்றபடியே 20 பக்கம் படித்துப் பார்த்து வாங்குங்கள், யாரும் அடிக்க மாட்டார்கள். பிடிக்கவில்லையா, பக்க எண்ணோடு எழுதுங்கள்; அது மறுபதிப்புக்கு உதவும். ராத்திரி பத்து மணிக்கு எழுத்தாளர் வீட்டுக்குப் போன் போட்டு மட்டும் திட்டாதீர்கள். எடுப்பது பெரும்பாலும் அவர் வீட்டம்மாதான்.