டிகாக்ஷன் இறங்கும் நேரத்தில்

மேற்கு மாம்பலத்தில் என் வீட்டுச் சமையலறையில் காலை ஐந்தே முக்காலுக்கு ஒரு காரியம் தவறாமல் நடக்கும். ஃபில்டரின் மேல் பாத்திரத்தில் காபிப்பொடியைப் போட்டு, குடையால் மெல்ல அமுக்கி, கொதிக்கிற தண்ணீரை ஊற்றி மூடிவைப்பேன். டிகாக்ஷன் இறங்க இருபது நிமிடம். அதற்குள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, தமிழின் மிகப் பழைய எழுத்தான தமிழ்ப் பிராமியில் வெட்டிய ஏதாவது ஒரு கல்வெட்டிலிருந்து ஒரு வரியை நோட்டில் எழுதிப் பழகுவேன். இரண்டு வருஷம் இப்படியே போயிற்று. எழுத வேண்டுமே என்று ஒருநாளும் நினைத்ததில்லை. கை தானாக நோட்டை எடுத்துவிடும்.

போன வருஷம் வேலை நிமித்தம் நாலு மாதம் ஊர் ஊராகப் போக வேண்டி வந்தது. அகமதாபாத், ஜெய்ப்பூர், பாட்னா, குவாஹாட்டி. ஓர் ஊரில் பத்து நாள், இன்னோர் ஊரில் பன்னிரண்டு நாள். நோட்டு பெட்டியிலேயே இருந்தது. நேரமும் இருந்தது; சொல்லப்போனால் மாம்பலத்தைவிட அதிகம், காய்கறி வாங்கப் போகிற வேலைகூடக் கிடையாது. ஆனால் முதல் மூன்று வாரத்தில் எழுதியது ஒரே ஒரு சொல், மதுரைப் பக்கத்து மாங்குளம் கல்வெட்டில் பாண்டியன் நெடுஞ்செழியனின் பெயராக வரும் 'நெடுஞ்சழியன்'. அதிலும் பாதிதான்.

வயசாக வயசாகச் சோம்பேறித்தனம் கூடிவிட்டது என்று என்னையே திட்டிக்கொண்டேன். பழக்கம் என்பது மூளைக்குள் எப்படி உட்காருகிறது என்று படித்த பிறகுதான் கோபம் தணிந்தது.

அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஆன் கிரேபியல் என்ற நரம்பியல் அறிஞரின் குழு, எலிகளை இரண்டாகப் பிரியும் ஒரு பாதையில் ஓடவிட்டது. சரியான பக்கம் திரும்பினால் சாக்லேட். மூளையின் ஆழத்தில் இருக்கும் ஸ்ட்ரையேட்டம் என்ற பகுதியின் நரம்பணுக்கள், ஆரம்ப நாட்களில் ஓட்டம் முழுவதும் துடித்துக்கொண்டிருந்தன. பாதை பழகியதும் நிலைமை மாறியது. ஓட்டம் தொடங்கும்போது ஒரு பெரிய துடிப்பு, முடியும்போது இன்னொன்று. நடுவில் ஏறக்குறைய அமைதி. அதாவது மூளை அந்த ஓட்டம் முழுவதையும் ஒரே பொட்டலமாகக் கட்டிவிட்டது. பொட்டலத்தை அவிழ்க்க ஒரு தூண்டல் போதும்.

என் பொட்டலத்தின் முடிச்சு அந்த ஃபில்டர். கொதிநீர் ஊற்றும் சத்தம், பொடியின் வாசனை, மூடி வைக்கும் 'டங்' ஒலி: இவைதான் கையை நோட்டுக்கு அனுப்பின. ஓட்டல் அறையில் கெட்டிலும் ஒரு தேயிலைப் பையும்தான் உண்டு. தூண்டல் இல்லாத இடத்தில் பொட்டலம் எப்படி அவிழும்?

இதை மனிதர்களிடமும் பார்த்திருக்கிறார்கள். வெண்டி வுட் என்ற உளவியலாளரும் உடன் பணியாற்றியவர்களும் 2005-இல் வெளியிட்ட ஆய்வு, ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறிப்போன மாணவர்களைப் பற்றியது. உடற்பயிற்சி, செய்தித்தாள் வாசிப்பது, டி.வி. பார்ப்பது ஆகிய மூன்றையும் கவனித்தார்கள். புது இடத்திலும் சூழ்நிலை பழைய மாதிரியே அமைந்தவர்களுக்குப் பழக்கம் கூடவே வந்தது. சூழ்நிலை மாறியவர்களுக்கு அறுந்துபோயிற்று. அதன் பிறகு அவர்கள் என்ன செய்ய நினைத்தார்களோ அதுதான் நடந்தது. கெட்ட பழக்கத்தை விட நினைப்பவர்களுக்கு இது லட்டு மாதிரியான செய்தி. நல்ல பழக்கத்தைக் காப்பாற்ற நினைக்கும் என் போன்றவர்களுக்குத்தான் திண்டாட்டம்.

சரி, போகிற ஊரில் புதுசாகவே ஒரு பழக்கத்தை உருவாக்கிக்கொண்டால் என்ன? கணக்கு உதைக்கிறது. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலி குழு 96 பேரை 12 வாரம் கண்காணித்தது. ஒரு புதுச் செயல் தானாக நடக்கும் நிலைக்கு வர எடுத்த காலத்தின் இடைநிலை அளவு 66 நாள். ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை மாறியது (12 வாரத்தைத் தாண்டியவை கணக்குப் போட்டு மதிப்பிட்டவை). நான் ஓர் ஊரில் இருப்பதோ பன்னிரண்டு நாள்! பழக்கம் வேர்விடும் முன்பே ரயில் ஏறிவிடுவேன். ஆனால் அதே ஆய்வில் ஓர் ஆறுதலும் உண்டு: நடுவில் ஒரு நாள் தவறினால் பெரிய சேதமில்லை.

அந்த ஒரு நாளை நான் முதல் நாளுக்கே ஒதுக்கிவிட்டேன். புது இடத்தில் முதல் இரவு மூளையின் இடப்பாதி வலப்பாதி அளவுக்கு ஆழமாகத் தூங்குவதில்லை என்று பிரௌன் பல்கலைக்கழகத்தில் 2016-இல் காட்டினார்கள். ஒரு பாதி காவல் காக்கிறதாம். மறுநாள் காலை நெடுஞ்செழியன் காத்திருக்கட்டும்.

வெளிச்சமும் சேர்ந்து படுத்தும். இரு கண்களின் நரம்புகளும் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, சுமார் 20,000 நரம்பணுக்கள் கொண்ட உடல் கடிகாரம் இருக்கிறது. சராசரி மனிதருக்கு அது 24 மணி நேரத்தைவிடக் கொஞ்சம் மெதுவாக ஓடும். காலை வெளிச்சம் கண்ணில் பட்டுத்தான் தினமும் அதைச் சரிசெய்கிறது. நாடு முழுக்க ஒரே நேரம் என்பது கைக்கடிகாரத்துக்குத்தான். குவாஹாட்டி சென்னைக்குக் கிழக்கே சுமார் பதினொன்றரை பாகை தள்ளியிருக்கிறது. சூரியக் கணக்கில் முக்கால் மணி நேரம். டிசம்பரில் அங்கே நாலரைக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். 19-ஆம் நூற்றாண்டில் ரயில்கள் மதராஸ் நேரத்தில் ஓடின. நுங்கம்பாக்கத்து வானாய்வுக்கூடம் குறித்த அந்த நேரம், இன்றைய இந்திய நேரத்துக்கு ஒன்பது நிமிடம் பின்னால். என் உடம்பு இன்னும் அதில்தான் ஓடுகிறதோ என்று சந்தேகம். எழுந்ததும் திரையை விலக்கி ஜன்னலோரம் உட்காருவது உதவியது.

ஆனால் காரியத்தைச் சாதித்தது வேறு. ஜெய்ப்பூரிலிருந்து நடுவில் இரண்டு நாள் வீட்டுக்கு வந்தவன், திரும்பும்போது இரண்டு பேர் அளவுள்ள சின்ன எவர்சில்வர் ஃபில்டரையும் கால் கிலோ பொடியையும் பெட்டியில் வைத்தேன். கூடவே நோட்டின் அட்டையில் ஒரு வரி: "குடையை அமுக்கி மூடியதும் நோட்டைத் திறப்பேன்."

இப்படி 'இது நடந்ததும் அது' என்று முன்கூட்டியே முடிச்சுப் போடுவதன் பலத்தை, ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் சோதித்திருக்கிறார். கிறிஸ்துமஸ் முந்தைய நாளை எப்படிக் கழித்தோம் என்று 48 மணி நேரத்துக்குள் எழுதி அனுப்பும்படி மாணவர்களைக் கேட்டார். எங்கே, எப்போது உட்கார்ந்து எழுதுவோம் என்று முன்பே குறித்துக் கொடுத்தவர்களில் ஏறக்குறைய நாலில் மூன்று பங்கினர் முடித்தார்கள். மற்றவர்களில் மூன்றில் ஒரு பங்கினர்தான். எப்போது செய்வது என்ற கேள்வியை மூளை அந்த நேரத்தில் புதிதாகக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

பாட்னாவில் இரண்டாம் நாள் காலை மூடி 'டங்' என்றது. கை நோட்டுக்குப் போயிற்று. மேசை வேறு, ஜன்னல் வேறு, பால்கூட இல்லை. கறுப்பு டிகாக்ஷனில் சர்க்கரை போட்டுக் குடித்தேன். 'ழ' மட்டும் இன்னும் கோணலாகவே வந்தது.

குவாஹாட்டி போய்ச் சேர்வதற்குள் பொடி தீர்ந்துவிட்டது. அங்கே கிடைத்த பொடி மாவு மாதிரி நைஸாக அரைத்தது. துளைகளை அடைத்துக்கொண்டு, டிகாக்ஷன் இறங்க நாற்பது நிமிடம் எடுத்தது. அந்த ஊரில் மட்டும் தினம் இரண்டு வரி எழுதினேன்.