சிகரெட்டைத் தொடாத தாயின் கருவிலும் புகையிலை

கர்ப்பிணியிடம் "புகைபிடிக்கிறீர்களா?" என்று கேட்டால் நம் ஊரில் அநேகமாக எல்லோரும் "ஐயையோ, இல்லை டாக்டர்" என்பார்கள். பதில் உண்மைதான். கேள்விதான் போதாது. வீட்டில் யார் பிடிக்கிறார்? வெற்றிலையோடு புகையிலை போடுவதுண்டா? பீடி சுற்றுகிறீர்களா? இந்த மூன்றையும் கேட்டால்தான் விஷயம் வெளியே வரும்.

தென்காசி, திருநெல்வேலி, குடியாத்தம் பக்கங்களில் பிரசவம் நெருங்கும்வரை பீடி சுற்றும் பெண்கள் உண்டு. மடியில் சுளகு, அதில் புகையிலைத் தூள், அதன் மேல் நாள் முழுக்கக் குனிந்த முகம். தூசு மூச்சோடு போகிறது. புகையிலையில் உள்ள நிகோடின் என்ற நஞ்சு விரல் தோல் வழியாகவும் ஏறுகிறது. இவர்களின் சிறுநீரில் நிகோடினின் எச்சம் இருப்பதைப் பரிசோதனைகள் காட்டியிருக்கின்றன.

எந்த வழியில் வந்தாலும் நிகோடின் நஞ்சுக்கொடியைத் தாண்டிவிடும். கருவின் ரத்தத்தில் அதன் அளவு தாயினுடையதைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். புகையாக வந்தால் கார்பன் மோனாக்சைடும் சேர்கிறது. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக அது பற்றிக்கொள்ளும். ஏற்கெனவே ரத்தசோகை உள்ள தாய்க்கு இது எவ்வளவு பெரிய இழப்பு!

புகைக்கும் தாய்மாரின் குழந்தைகள் சராசரியாக 200 கிராம் எடை குறைந்து பிறக்கின்றன. மெல்லும் புகையிலையும் சாதுவானதல்ல. 2004-இல் வெளியான மும்பை ஆய்வு 1,217 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து பார்த்தது. மெல்லும் பழக்கம் உள்ளவர்களின் குழந்தைகள் சுமார் 105 கிராம் குறைவாகவும், ஆறு நாள் முன்னதாகவும் பிறந்தன. குமட்டலுக்கு நல்லது என்று ஒரு துண்டு வாயில் அடக்குவதையும், "பிள்ளை சின்னதா இருந்தா சுகப்பிரசவம்" என்ற பேச்சையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். வயிற்றில் இளைத்துப் பிறந்த குழந்தையைக் கொழுகொழுவென்று ஆக்க அவசரப்பட்டு ஊட்டுவதும் ஆபத்து. உடல் பருமனும் ரத்த அழுத்தமும் பின்னாளில் இவர்களைத்தான் எளிதில் பிடிக்கும்.

நீண்ட நாள் பாதிப்பில் டாக்டர்களாகிய எங்களுக்கு அதிகக் கவலை தருவது நுரையீரல்தான். மூச்சுக்குழாயின் கிளைகள் ஏறக்குறைய 17-ஆவது வாரத்திலேயே பிரிந்து முடிகின்றன. அதன்பின் அவை பெரிதாகும், புதிதாகக் கிளைக்காது. அந்த நேரத்தில் நிகோடின் பட்டால் குழாய்ச் சுவரில் நார்த்தன்மை கூடி, உட்புறம் குறுகலாகிறது. அப்படிப் பிறந்த குழந்தைக்குச் சாதாரணச் சளிகூட இழுப்பாக மாறும். வீட்டார் வாழைப்பழத்தையும் தயிரையும் நிறுத்துவார்கள். திண்ணையில் எரியும் பீடியை யாரும் நிறுத்துவதில்லை. ஆறு வயதுக்குமேல் ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி சோதனையிலும் அந்தக் குறுகலால் வரும் மூச்சுத்திறன் குறைவு தெரியலாம்.

தாய் கர்ப்பத்தில் புகைப்பதற்கும் குழந்தையின் அளவுமீறிய துறுதுறுப்பு, கவனக்குறைவு ஆகியவற்றுக்கும் தொடர்பு சொல்லப்படுகிறது. ஆனால் உடன்பிறந்தவர்களை ஒப்பிட்ட ஸ்வீடன் ஆய்வுகளில் அந்தத் தொடர்பு வெகுவாகக் குறைந்துவிட்டது. குடும்பத்தில் வரும் மரபுக்கும் அதில் பங்குண்டு. அதற்காக எந்தத் தாயையும் குற்றவாளி ஆக்க வேண்டாம்.

புகைக்கும் பெண் 15 வாரத்துக்குள் நிறுத்திவிட்டால், எடைக்குறைவும் குறைப்பிரசவமும் புகைக்காதவர்களின் அளவுக்கே இறங்கிவிடுகின்றன. தாமதமானாலும் நிறுத்துவது வீண்போகாது. முதல் மூன்று நாள்தான் கடுமை. இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் தவிப்பு அடங்கும். புகையை நிறுத்தக் கடையில் கேட்டு மாத்திரை வாங்காதீர்கள். தவிப்பைத் தணிக்கும் நிகோடின் சூயிங்கமும் டாக்டர் சொன்னால் மட்டும். 1800-11-2356 என்ற இலவச எண்ணில் தமிழிலும் ஆலோசனை கிடைக்கும். அதே எண்ணுக்குக் கணவரும் பேசலாம், பேச வேண்டும். மொட்டைமாடியில் பிடித்துவிட்டு வந்தாலும் சட்டையிலும் தலைமுடியிலும் நஞ்சு ஒட்டிக்கொண்டு வரும். குழந்தை பிறந்தபின் சட்டை மாற்றி, கைகழுவித்தான் தூக்க வேண்டும். புகைப்பவர் குழந்தையோடு ஒரே பாயில் படுக்கக் கூடாது. தூக்கத்திலேயே சிசு இறக்கும் அபாயம் கூடுகிறது.

பீடி சுற்றுவதை உடனே விட முடியாத வீட்டில், கர்ப்பிணி இலை வெட்டட்டும், தூள் பக்கம் வேறொருவர் உட்காரட்டும். தூள் மூட்டையைப் படுக்கும் அறையில் வைக்காதீர்கள். சோப்புப் போட்டுக் கைகழுவி, புடவை மாற்றியபின் பாலூட்டுங்கள்.

இழுப்புக்காகக் குழந்தையைக் காட்ட வரும்போது, கர்ப்பத்தில் வீட்டில் புகை இருந்ததா, இப்போதும் இருக்கிறதா என்பதைக் கேட்காமலே டாக்டரிடம் சொல்லுங்கள். இன்ஹேலர் எவ்வளவு, எத்தனை மாதம் என்று முடிவுசெய்ய அந்தத் தகவலும் தேவை.