நாக்குதான் அதன் விசிறி

வெயிலில் ஓடிவிட்டு வந்த நாய் தொப்பென்று தரையில் சரிகிறது. வாய் அகலத் திறந்து, நாக்கு ஒரு பக்கமாகத் தொங்க, விலா தடதடவென்று ஏறி இறங்குகிறது. பார்ப்பவர்களுக்குப் பதறுகிறது. மூச்சு முட்டுகிறதோ? பெரும்பாலும் இல்லை. அது தன் பாணியில் வியர்த்துக்கொண்டிருக்கிறது.

சூட்டைத் தணிக்க நமக்குத் தோல் முழுக்க வியர்வைச் சுரப்பிகள் இருக்கின்றன. நாய்க்கோ பாதத்தின் அடிமெத்தையில்தான். பயந்த நாய் மருத்துவரின் மேஜையில் ஈரக் காலடி பதிப்பது அதனால்தான். உடம்பு முழுவதையும் குளிர்விக்க அந்த ஈரம் எந்த மூலைக்கு? ஆகவே நாக்கு, வாய், மூக்கின் உட்புறம் ஆகியவற்றின் ஈரத்தின் மேல் காற்றை வேகமாக ஓட்டுகிறது. ஈரம் ஆவியாகும்போது அடியில் ஓடும் ரத்தத்தின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது.

சும்மா இருக்கும்போது நிமிடத்துக்கு 10 முதல் 30 முறை மூச்சுவிடும் நாய், இரைக்கும்போது 300 முறையைக்கூடத் தாண்டும். அவ்வளவு வேலை செய்தால் தசைகளே சூடாகிவிடாதா? இங்கேதான் அழகு. ஊஞ்சலை அதன் தாளத்துக்கே தள்ளினால் விரல் நுனி போதும். நெஞ்சுக்கூட்டுக்கும் அப்படி ஓர் இயல்பான தாளம் உண்டு. நாய் கிட்டத்தட்ட அந்த வேகத்திலேயே இரைக்கிறது என்று 1960களிலேயே அளந்து பார்த்திருக்கிறார்கள். மூச்சும் மேலோட்டமானது என்பதால் ரத்தத்தின் கரியமில வாயு சட்டென்று குறைந்துவிடுவதில்லை.

காற்றில் ஏற்கெனவே ஈரப்பதம் நிறைந்திருந்தால் இந்த ஏற்பாடு படுத்துவிடும். பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு இனங்களுக்குக் காற்றுப் பாதையே குறுகல். மூடிய காரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்: வெயிலில் நின்றால் உள்ளே சில நிமிடங்களில் அடுப்புதான், நிழலில் நின்றாலும் ஆபத்துதான்.

நாயின் இயல்பான வெப்பநிலை சுமார் 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். தொட்டால் சுடுகிறதே என்று காய்ச்சல் மாத்திரை கொடுத்துவிடாதீர்கள். வெப்பத் தாக்குதலில் அது வேலை செய்யாது. மனிதர்களின் வலி மாத்திரைகளில் பல நாய்க்கு நஞ்சும்கூட. 41 டிகிரியைத் தாண்டினால் ஆபத்து. வெப்பமானியைத் தேடி ஓடாமல் உதட்டைத் தூக்கிப் பாருங்கள்: ஈறு செக்கச் செவேலென்று பிசுபிசுக்கிறதா? எச்சில் கெட்டியாக ஒழுகுகிறதா? நடை தள்ளாடுகிறதா?

ஆம் என்றால் முதலில் குளிர்விப்பு, பிறகுதான் பயணம். நிழலுக்குத் தூக்கிப் போய், உடம்பெங்கும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். ஈரத் துண்டைப் போர்த்தி அப்படியே விட்டால் அது சூட்டை உள்ளே பூட்டிவிடும். நினைவு தெளிவாக இருந்தால் மட்டும் குடிக்கத் தண்ணீர் வையுங்கள். வாயில் ஊற்ற வேண்டாம். நாய் எழுந்து வாலாட்டினாலும் மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும், ஏனென்றால் சிறுநீரகம், குடல், ரத்தம் உறைதல் இவற்றில் ஏற்பட்ட சேதம் ஓரிரு நாள் கழித்துக்கூட வெளிப்படலாம்.